ஒரே நேரத்தில் 16 ட்ராக்: வீட்டு ஸ்டுடியோவில் எழும் கோளாறுகளை அறிகுறியிலிருந்து பிடிப்பது

இரண்டு மைக் மட்டுமே போடக்கூடிய சிறிய இன்டர்ஃபேஸை (மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) வைத்து ஒருவர் பாட, ஒருவர் கிட்டார் வாசிக்கப் பதிவு செய்துகொண்டிருந்தவரை எந்தக் குறையும் சொல்லாத அறை, முழு இசைக்குழுவும் உள்ளே வந்து உட்கார்ந்த அன்றைக்கே தன் குறைகளையெல்லாம் கொட்டத் தொடங்கிவிடும். என் மாடி அறை 10 அடிக்கு 12 அடி. மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் எட்டு உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றும், ஆப்டிகல் கேபிள் வழியாக இன்னும் எட்டு மைக்குகளைச் சேர்க்கும் துணைப்பெட்டி ஒன்றும் வாங்கி, டிரம்ஸ், பேஸ் கிட்டார், எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, குரல் ஐந்தையும் ஒரே மூச்சில் பதியத் தொடங்கினேன். முதல் மாதத்தில் பாதி நேரம் கோளாறு தேடுவதிலேயே போயிற்று. பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மூன்று முறை நினைத்தேன். மூன்று முறையும் தவறு பெட்டியில் இல்லை. வீட்டு வயரிங், க்ளாக், ஹெட்போன், சுவர் ஆகியவற்றில் முன்பே இருந்த குறைகளைத்தான் 16 மைக்குகள் சேர்ந்து கேட்க வைத்தன.

ஆகவே கீழே வருவது கருவிகளின் வரிசையில் இல்லை. காதில் விழும் அறிகுறிகளின் வரிசையில் இருக்கிறது. தேடும்போது ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேபிளையும் மாற்றி, பஃபரையும் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் தொகுதியின் அளவு) மாற்றி, டிரைவரையும் புதுப்பித்த பிறகு சத்தம் நின்றால், எதனால் நின்றது என்று தெரியாது; அடுத்த வாரம் அது திரும்பி வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: யாரும் வாசிக்காதபோதும் பின்னால் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது

இரைச்சலை முதலில் இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். தம்பூரா போல அடியில் ஒரே சீராக ஓடுவது ஹம். கொசு காதருகே வந்தது போல முள்முள்ளாக ஒலிப்பது பஸ். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஹம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸிலும் கேட்கும். அது மின்சாரத்திலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய ஓர் எளிய வழி உண்டு. பேஸ் கிட்டாரின் ஜி கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டுங்கள். அதன் சுருதி 98 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் ஹம்மும் அதுவும் சேரும்போது நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்குவது காதுக்கே தெரியும். அப்படி ஏறி இறங்கினால் கேபிளையும் மைக்கையும் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, சுவரில் உள்ள ப்ளக் பாயின்டைப் பார்க்கத் தொடங்கலாம்.

இன்டர்ஃபேஸ் ஒரு பாயின்டிலும், கிட்டார் ஆம்ப் எதிர்ச்சுவரில் உள்ள பாயின்டிலும், கீபோர்டு மூன்றாவது பாயின்டிலும் செருகப்பட்டிருந்தால், அவற்றின் எர்த் இணைப்புகள் ஆடியோ கேபிள் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்துவிடும். அந்த வளையத்தில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டமே ஹம்மாகக் கேட்கிறது. ஒலிக்கருவிகள் அனைத்தையும் ஒரே சுவர்ப் பாயின்டிலிருந்து நல்ல தரமான எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக எடுப்பது முதல் மருந்து. இந்தக் கருவிகள் எல்லாம் சேர்ந்தும் ஓர் இஸ்திரிப்பெட்டி அளவு மின்சாரம்கூட இழுப்பதில்லை என்பதால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் ஹம் இருந்தால் கீபோர்டையும் பேஸ் கிட்டாரையும் டிஐ பெட்டி (கருவியின் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வழியாக எடுத்து, ஆடியோ கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். நீண்ட பதிவு இல்லையென்றால் பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது. மூன்று முள் ப்ளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் ஹம் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஹம் போகும்; அதோடு ஆம்பின் உள்ளே ஏதாவது பழுதானால் பாடுகிறவரின் உதடு மைக்கைத் தொடும் நொடியில் அவரைக் காப்பாற்ற வேண்டிய பாதையும் போய்விடும். மைக்கைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது, கிட்டார் கம்பி விரலில் கூசுகிறது என்று யாராவது சொன்னால் அன்றைய பதிவை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். என் வீட்டுக்கு வந்தவர் சுவர்ப் பாயின்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டை மூணு இருக்கு சார், கம்பி ரெண்டுதான் இருக்கு" என்றார். முப்பது ஆண்டுகளாக அந்த அறையில் எர்த் என்பது வெறும் துளையாகத்தான் இருந்திருக்கிறது. புதிய எர்த் கம்பி இழுத்த பிறகு பாதி இரைச்சல் தானாகவே அடங்கியது.

பஸ் வேறு கதை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ள மின்விசிறியை மூன்றில் வையுங்கள். பிறகு முழு வேகத்தில் வையுங்கள். மூன்றில் பஸ் கேட்டு, முழு வேகத்தில் குறைந்தால் காரணம் ரெகுலேட்டர். அது மின்சார அலையை ஒவ்வொரு அரைச்சுற்றிலும் நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டுகளை கிட்டாரின் கம்பி அதிர்வை வாங்கும் சிங்கிள் காயில் பிக்கப் ஆன்டெனா போல வாங்கிக்கொள்கிறது. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு டிரம்ஸ் வாசிக்கச் சொல்வது கருணையற்ற செயல் என்பதால், ஸ்டெப் வகை கெப்பாசிட்டர் ரெகுலேட்டராக மாற்றிக்கொள்வது நல்லது. மின்வெட்டின்போது மட்டும் பஸ் வந்தால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் காரணமாக இருக்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

அறிகுறி: பதிவில் இடையிடையே "டிக்" என்று விழுகிறது

இரண்டு மைக்கிலிருந்து 16க்கு மேம்படுத்தியவர்கள் மிக அதிகமாகச் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒரே "டிக்"குக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் இருப்பதால், தவறான காரணத்தைத் துரத்தி இரண்டு மாலைகளை இழப்பது எளிது. நான் இழந்தேன்.

முதலில் எந்த ட்ராக்குகளில் டிக் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இன்டர்ஃபேஸின் சொந்த உள்ளீடுகளான 1 முதல் 8 வரை சுத்தமாக இருந்து, துணைப்பெட்டி வழியாக வந்த 9 முதல் 16 வரை மட்டும் டிக் இருந்தால் அது க்ளாக் கோளாறு. எல்லா ட்ராக்குகளிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் பெரும்பாலும் கணினிக் கோளாறு. அடுத்து, டிக் விழும் ஒழுங்கைக் கவனியுங்கள். க்ளாக் கோளாறு ஒரே இடைவெளியில் சொட்டும் குழாய் போல விழும். கணினிக் கோளாறு ஒழுங்கில்லாமல், கூட்டமாக, பெரும்பாலும் ப்ளகின்கள் (பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) அதிகமாக ஓடும்போது விழும். பஃபரை 128இலிருந்து 1024க்கு உயர்த்திப் பார்ப்பது மூன்றாவது சோதனை. டிக் மறைந்தால் கணினி. கொஞ்சமும் மாறாவிட்டால் க்ளாக்.

க்ளாக் என்பது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்தெடுக்கும் தாளம். இரண்டு பெட்டிகளும் தத்தம் தாளத்திலேயே ஓடினால், இரண்டு கைக்கடிகாரங்கள் போல மெல்ல விலகும். பத்து லட்சத்தில் 20 பங்கு மட்டும் வேறுபட்டால்கூட, ஏறத்தாழ நொடிக்கு ஒரு சாம்பிள் (ஓர் அளவீடு) இடறும். அந்த இடறல்தான் டிக். என் துணைப்பெட்டியின் முகப்பில் "சிங்க்" என்ற சிறிய பச்சை விளக்கு இரண்டு நாளாக மினுக்கிக்கொண்டே இருந்தது. அது அழகுக்காக மினுக்குகிறது என்று நினைத்துக்கொண்டு நான் ஆப்டிகல் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். விளக்கு நிலையாக எரிந்தால்தான் ஒத்திசைவு கிடைத்ததாகப் பொருள்.

தீர்வு எளிது: ஒரு பெட்டி மட்டுமே தலைமை தாங்க வேண்டும். துணைப்பெட்டியிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஓர் ஆப்டிகல் கேபிள் மட்டும் போகிறது என்றால், துணைப்பெட்டியை "இன்டர்னல்" என்றும், இன்டர்ஃபேஸின் க்ளாக் ஸோர்ஸை "ஏடாட்" (அந்த ஆப்டிகல் இணைப்பின் பெயர்) என்றும் வைக்க வேண்டும். இரு திசைகளிலும் கேபிள் போட்டிருந்தாலோ, பிஎன்சி முனை உள்ள, தாளத்தை மட்டும் கடத்தும் வேர்டு க்ளாக் கேபிள் இருந்தாலோ, இன்டர்ஃபேஸையே தலைவராக்கி, துணைப்பெட்டியை வெளி க்ளாக்குக்கு மாற்றலாம். எனக்கு இந்த இரண்டாவது முறையே பிடிக்கும், ஏனெனில் துணைப்பெட்டி அணைந்திருக்கும் நாள்களிலும் இன்டர்ஃபேஸ் முறையாக வேலை செய்யும். இரண்டு தனித்தனி யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களை மென்பொருளில் ஒன்றாக இணைத்து 16 ட்ராக் ஆக்கிவிடலாம் என்பது பலருக்கும் வரும் ஆசை. பொதுவான க்ளாக் இல்லாவிட்டால், மேலே சொன்ன அதே 20 பங்கு வேறுபாடு ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 6 மில்லிவிநாடி விலகலாகிவிடும். ஓவர்ஹெட் மைக் (டிரம்ஸுக்கு மேலே தொங்குவது) ஓர் இன்டர்ஃபேஸிலும், ஸ்னேர் (டிரம்ஸின் கூர்மையாக ஒலிக்கும் சிறு முரசு) மைக் மற்றொன்றிலும் இருந்தால் அந்த டிரம்ஸ் முடிவில் சிதைந்து ஒலிக்கும்.

காரணம் கணினியாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் கணக்குப் போடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 16 ட்ராக் என்பது நொடிக்கு 2.3 மெகாபைட், மணிக்கு ஏறத்தாழ 8.3 ஜிகாபைட், பழைய டிஸ்க்கும் இதை மென்று விழுங்கும். வழக்கமான குற்றவாளிகள் வைஃபை டிரைவர், மின்சேமிப்பு அமைப்பு, பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ், பதியும் ஃபோல்டரையே உடனுக்குடன் மேகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் மென்பொருள் ஆகியவை. விண்டோஸில் பவர் அமைப்பை முழுத்திறனுக்கு மாற்றி, வைஃபையை அணைத்து, இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரை (ஒலியைத் தாமதமின்றிக் கடத்துவதற்கான மென்பொருள்) போட்டாலே பெரும்பாலான டிக்குகள் ஒழியும்.

அறிகுறி: துணைப்பெட்டியின் எட்டு சேனல்களில் நான்கு மட்டுமே தெரிகின்றன

பழுது எதுவும் இல்லை. ஏடாட் ஆப்டிகல் இணைப்பு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல்களையும், 96 கிலோஹெர்ட்ஸில் நான்கை மட்டுமே சுமக்கும். இரண்டு பெட்டிகளையும் 48க்கு இறக்குங்கள். ஒன்றை மட்டும் இறக்கி மற்றதை மறந்தால் டிக் மழை தொடங்கும். பாட்டு வேகமாகவும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் மேலேயும் ஒலித்தால், 44.1இல் பதிந்ததை 48இல் ஓட்டுகிறீர்கள் என்று பொருள்.

அறிகுறி: பாடுபவர், "என் குரலே எனக்குப் பின்னால் வருகிறது" என்கிறார்

அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: குரல் தாமதமாக வருகிறதா, இரட்டையாக வருகிறதா? இரட்டையாக, குழாய்க்குள் பாடுவது போலக் கேட்டால், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் (கணினிக்குப் போகாமலே குரலை ஹெட்போனில் கேட்கவைப்பது) மென்பொருளின் மானிட்டரும் (கணினி வழியாகக் கேட்கவைப்பது) ஒன்றாகத் திறந்திருக்கின்றன. ஒன்றை மூடினால் போதும். தாமதம் என்றால் பஃபரைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் ஒரு திசைக்கு 5.3 மில்லிவிநாடி, போகவும் வரவும் 10.7, அதற்கு மேல் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர்களின் நேரம் வேறு. ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறத்தாழ 0.9 மில்லிவிநாடி ஆகிறது என்பதால், கிட்டார் வாசிப்பவருக்கு அது ஆம்பிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நிற்பது போலத்தான், அவர் பொறுத்துக்கொள்வார். பாடுபவர் தன் குரலைத் தலையின் எலும்பு வழியாகத் தாமதமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதால், அதே தாமதம் அவரைத் தடுமாற வைக்கும். 16 ட்ராக் பதியும்போது பஃபரை 64க்கு இறக்கி கணினியை வாட்டுவதைவிட, எல்லாருக்கும் இன்டர்ஃபேஸின் உள்மிக்சரிலிருந்தே ஹெட்போன் ஒலி கொடுத்துவிட்டு, பஃபரை 512இலேயே விட்டுவிடுவது அறிவுடைமை.

அறிகுறி: எல்லா மைக்குகளையும் போட்டதும் இன்டர்ஃபேஸ் அணைந்து அணைந்து வருகிறது

மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குகள் இரண்டுக்கு 48 வோல்ட் ஃபாண்டம் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) கொடுக்கும் வரை எல்லாம் சரியாக இருந்து, ஆறாவது மைக்குக்குக் கொடுத்ததும் இணைப்பு அறுந்தால், மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் தரத்தின்படி 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட் தரும். ஒரு கண்டென்சர் 10 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம்; எட்டு மைக்குகள் அப்படி இழுத்தால் ஃபாண்டத்துக்கு மட்டுமே 3.8 வாட் ஆகிவிடும். பெட்டியோடு வந்த அடாப்டரைப் போடுங்கள், ஹப் வழியாக இணைக்காமல் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். அடாப்டர் இருந்தும் அறுந்தால் யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். மூன்று மீட்டர் மலிவுக் கேபிள்களை நான் வீட்டிலிருந்தே அகற்றிவிட்டேன்.

அறிகுறி: ஒவ்வொரு மைக்கும் தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்தால் டிரம்ஸ் மெலிந்துவிடுகிறது

ஸ்னேர் மைக்கைத் தனியாகக் கேட்டால் சதைப்பிடிப்போடு இருக்கும். ஓவர்ஹெட்டைத் திறந்த உடனே யாரோ ஸ்னேரின் வயிற்றைக் கிள்ளி எடுத்தது போல ஆகிவிடும். ஈக்யூவை (அடி, உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) தொடாதீர்கள், இது ஃபேஸ் சிக்கல். ஸ்னேரிலிருந்து ஓவர்ஹெட் நான்கு அடி உயரத்தில் இருந்தால் அதே அடி அங்கே ஏறத்தாழ 3.5 மில்லிவிநாடி தாமதமாகச் சேர்கிறது. அந்தத் தாமதத்தில் 140 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு அலைகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேரின் உடல் இருப்பதே அந்தப் பக்கத்தில்தான்.

முதலில் ஒலி அலையைத் தலைகீழாக்கும், ஸ்னேர் ட்ராக்கின் போலாரிட்டி பொத்தானை, வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியுள்ளதை, ஒருமுறை அழுத்திக் கேளுங்கள். அடியில் கனம் கூடும் நிலையையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னேரின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மைக் வைத்திருந்தால் கீழ் மைக்குக்குப் பெரும்பாலும் இதை அழுத்தியே ஆக வேண்டும். மேல் தோல் மைக்கிலிருந்து விலகும் அதே நொடியில் கீழ்த் தோல் மைக்கை நோக்கி வருகிறது. அடுத்து ஒரு நூலை எடுத்து, ஸ்னேரின் நடுவிலிருந்து இடது ஓவர்ஹெட் வரை அளந்து, விரலால் பிடித்துக்கொண்டு, அதே நீளத்தில் வலது ஓவர்ஹெட்டை வையுங்கள். எங்கள் டிரம்மர் முதலில் சிரித்தார். பூக்கட்டும் நூலைக் கொண்டு அளப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். அளவு இரண்டு அங்குலம் திருத்தியதும் ஸ்னேர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் வந்து உட்கார்ந்ததைக் கேட்ட பிறகு, இப்போது நூலை அவரே எடுத்து வருகிறார்.

எட்டு மைக்கையும் டிரம்ஸில் போட்டே தீர வேண்டும் என்பதும் இல்லை. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், இரண்டு ஓவர்ஹெட் என்ற நான்கு மைக்குகள் சரியாக ஒத்துப்போனால், ஒத்துப்போகாத எட்டைவிட நன்றாக ஒலிக்கும்.

அறிகுறி: பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் வீங்குகிறது

பேஸ் கிட்டாரை டிஐ வழியாகப் பதிந்து, அதை முதலில் ஹெட்போனிலும் பிறகு ஸ்பீக்கரிலும் கேளுங்கள். ஹெட்போனிலும் வீங்கினால் கிட்டாரையோ வாசிப்பையோ பார்க்க வேண்டும். ஸ்பீக்கரில் மட்டும் வீங்கினால் வீங்குவது உங்கள் அறை. எதிர்ச்சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் மோதும்போது, தூரத்துக்கேற்ற ஒரு சுருதி தேங்கிவிடும். 10 அடிக்கு அது 56 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். என் அறையின் கூரை உயரமும் 10 அடி என்பதால் 56 இரண்டு முறை சேர்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ்! ஏ சுருதியில் அமைந்த பாட்டு வந்தாலே அறை கூடவே பாடுகிறது.

முட்டை அட்டையும் ஓர் அங்குல ஃபோமும் இதில் எதுவும் செய்யாது. அவை உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சி, அறையை மந்தமாக்கிவிட்டு, வீக்கத்தை அப்படியே விட்டுவிடும். நான்கு அங்குலத் தடிமனுள்ள ராக்வுல் (கனிம இழைப் பஞ்சு) பலகைகளைத் துணியால் மூடி, சுவரோடு ஒட்டாமல் மூலைகளில் குறுக்காக நிறுத்துவதே பயன் தரும். பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை மூலையில் சுருட்டி நிறுத்தியும் பார்த்தேன். டிரம்ஸின் எதிரொலி குறைந்தது, ஏ கம்பி அசையவில்லை. பலகை வரும்வரை கேட்கும் இடத்தை அறையின் நடுவிலிருந்து சற்று முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துங்கள். முக்கியமாக, வீக்கத்தை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மிக்ஸில் 55 ஹெர்ட்ஸை வெட்டாதீர்கள். காரில் கேட்கும்போது பேஸே இல்லாத பாட்டு கிடைக்கும்.

அறிகுறி: ஹெட்போனில் ஒலி கரகரக்கிறது, குரல் ட்ராக்கில் மெட்ரோனோம் கேட்கிறது

ஒரே ஹெட்போன் துளையிலிருந்து ஒய் கேபிள்களால் நான்கு ஹெட்போன்களைப் பிரித்திருப்பீர்கள். 32 ஓம் ஹெட்போன் நான்கைச் சேர்த்தால் 8 ஓம். அந்தச் சுமையை இன்டர்ஃபேஸின் சிறிய ஆம்ப் இழுக்காது. நான்கு வாய் கொண்ட ஹெட்போன் ஆம்ப் ஒன்று வாங்குவது இந்த மேம்பாட்டில் மிகக் குறைந்த செலவில் மிக அதிக நிம்மதி தருவது. தாளம் காட்டும் மெட்ரோனோம் ஹெட்போனிலிருந்து மைக்குக்குள் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் திறந்த வகை ஹெட்போன். பாடுபவருக்கும் டிரம்மருக்கும் காதை மூடும் வகையே கொடுங்கள். பாட்டின் கடைசிச் சிம்பல் அடங்கும் இடத்தில் மெட்ரோனோம் தானாக நிற்கும்படி மென்பொருளில் ஓர் ஆட்டோமேஷன் போட்டுவிடுங்கள், அமைதியான அந்த எட்டு விநாடியில்தான் கசிவு அப்பட்டமாகத் தெரியும்.

அறிகுறி: ஒத்திகையில் சரியாக இருந்த ட்ராக் பதிவில் உடைகிறது

சவுண்ட் செக்கில் அடிப்பதைவிட டேக்கில் டிரம்மர் பலமாகத்தான் அடிப்பார். உச்சம் மைனஸ் 12 டிபியைத் தொடும்படி கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள். 24 பிட் பதிவில் அதற்குக் கீழே போனாலும் இழப்பில்லை. கிக் மைக் கெய்னை முழுதும் குறைத்தும் உடைந்தால் உள்ளே வரும் ஒலியின் பலத்தைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போடுங்கள்.

அறிகுறி: ஒரு கண்டென்சர் மட்டும் மழைக்காலத்தில் சடசடக்கிறது

ஒலியை வாங்கும் கேப்ஸ்யூலில் ஈரம் ஏறியிருக்கிறது. கடற்கரை ஊர்களில் இது மழை இல்லாத நாள்களிலும் நடக்கும். மைக்கைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓரிரு நாள் மூடி வைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். ஹேர் டிரையரைக் காட்டாதீர்கள். காய்ந்த பிறகும் சடசடத்தால் வேறொரு கேபிளிலும் வேறொரு சேனலிலும் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.